கதையும் ஒரு சொத்துதான்

தாம் பிறந்த நாள் யாருக்கும் ஞாபகம் இருக்க நியாயமில்லை. இருந்தாலும், அன்று நடந்ததையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர்களைப் போல் நாம் சொல்லுகிறோம். "அன்றைக்குப் பார்த்து அடைமழை. வண்டிக்காரன் வரமாட்டேன் என்றுவிட்டான். அத்தை முக்காட்டைப் போட்டுக்கொண்டு நர்ஸ் வீட்டுக்கு ஓடினாள். பிறந்தவுடன் குழந்தை அழவே இல்லை. எல்லாரும் பயந்து போனார்கள். அப்புறம் அழ ஆரம்பித்ததுதான், மூன்று வயது வரைக்கும் நிறுத்தவே இல்லை!" இந்த மாதிரி ஒரு கதை இல்லாத வீடு உண்டா?

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிந்தது? பாட்டி சொன்னாள், அம்மா சொன்னாள், இருவரும் விட்டதை மாமா சேர்த்துச் சொன்னார். ஆக, நம்முடைய வாழ்க்கையில் முதல் நாலு வருஷத்தை நாம் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. நமக்காக மற்றவர்கள் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். பிறகு, நமக்குக் காது முளைத்த பிற்பாடு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நம்மிடம் ஒப்படைத்தார்கள்.

வீடு, நிலம், நகை, பாங்குக் கணக்கு என்று சொத்துக்கு ஜாபிதா எழுதுகிறவர்கள் இந்தச் சொத்தை எழுதுவதில்லை. அது எப்போதும் இருப்பதனால் அதன் விலை தெரிவதில்லை. இல்லாதவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

யார் அந்த இல்லாதவர்கள்? பெற்றவர்களிடம் வளர முடியாமல் போன குழந்தைகள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு, அங்கிருந்து ஒரு வளர்ப்புக் குடும்பத்துக்கு, பிறகு தத்து எடுத்துக்கொண்ட அப்பா அம்மாவிடம் என்று கை மாறி வந்த குழந்தைகள். போன இடமெல்லாம் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஓரிடத்தில் முதல் பல் முளைத்தது. இன்னோர் இடத்தில் முதல் அடி எடுத்து வைத்தது. "கா" என்று காக்கையைக் காட்டிச் சொன்னதை ஓர் ஆயா கேட்டுச் சிரித்தாள். அந்த ஆயா பிறகு வேலையை விட்டுப் போய்விட்டாள். அவளோடு அந்தக் காக்கையும் பறந்து போயிற்று.

குழந்தைக்கு ஏழெட்டு வயது ஆகிறது. பள்ளிக்கூடத்தில் டீச்சர், "நீங்கள் கைக்குழந்தையாய் இருந்தபோது எடுத்த படம் ஒன்று கொண்டு வாருங்கள்" என்கிறார். எல்லாக் குழந்தைகளும் கொண்டுவருகிறார்கள். இது மட்டும் கொண்டுவரவில்லை. பிறகு இருபத்தைந்து வயதில் டாக்டரிடம் போனால், "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை வியாதி உண்டா?" என்று கேட்கிறார். பதில் இல்லை. இவை வெளியே தெரிகிற கஷ்டங்கள். உள்ளே இருப்பது வேறு. கதை தெரியாத இடத்தைக் குழந்தையின் மனசு காலியாக விட்டு வைப்பதில்லை. தானே ஒரு கதை கட்டிக்கொள்கிறது. "நான் கெட்ட குழந்தை, அதனால்தான் என்னைக் கொடுத்துவிட்டார்கள்" என்பதுதான் பெரும்பாலும் அந்தக் கதை. உண்மை எவ்வளவு வருத்தம் தருவதாக இருந்தாலும், இந்தக் கற்பனையைவிட அது மிருதுவானதாகவே இருக்கும்.

* * *

நமக்குக் கர்ணன் கதை தெரியாததல்ல. ஆற்றோடு வந்த பெட்டியில் குழந்தையோடு கவசமும் குண்டலமும் இருந்தன. அதிரதனும் ராதையும் கண்ணே மணியே என்று வளர்த்தார்கள். அன்புக்குக் குறைவே இல்லை. ஆனால் "நீ யார்?" என்று சபையில் ஒருவர் கேட்டபோது அவனால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் தெரிந்தவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்; வாய் திறக்கவில்லை. கடைசியில் அந்த உண்மை எப்போது வந்தது? யுத்தம் தொடங்கப் போகிற சமயத்தில். ஒரு மனிதனுக்கு அவன் கதையைச் சொல்ல அதைவிட மோசமான வேளை இருக்க முடியுமா?

நம்முடைய பழைய சுவீகாரத்தில் இந்தச் சங்கடம் அவ்வளவாக இல்லை. அண்ணன் பிள்ளையைத் தம்பி எடுத்துக்கொள்வார். அக்காள் பிள்ளை தங்கை வீட்டுக்குப் போகும். பந்துக்கள் கூடி, ஊரறியக் கொடுத்து வாங்குவார்கள். பையனுக்குத் தன் பெற்ற தாயைப் பெரியம்மா என்று கூப்பிடுகிற சங்கடம் வேண்டுமானால் இருக்கும். அவள் யார் என்று தெரியாத சங்கடம் இராது.

இன்று சட்டப்படி இல்லத்திலிருந்து தத்து எடுக்கும்போது பெரும்பாலும் கொடுக்கிறவர் யார், வாங்குகிறவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. அதற்குத் தக்க காரணங்கள் உண்டு. ஆனால் ஊர் ஞாபகம் வைத்திருந்த வேலையை இப்போது யாராவது காகிதத்திலும் கம்ப்யூட்டரிலும் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் குழந்தை ஒரு நல்ல வீட்டைப் பெறும். தன் முதல் அத்தியாயத்தை இழக்கும்.

* * *

இந்தப் பாடத்தை உலகத்துக்குக் கற்பித்த இடம் ஒன்று லண்டனில் இருக்கிறது. கேளுங்கள்.

தாமஸ் கோரம் என்று ஒரு கப்பல் தலைவர். லண்டன் தெருவோரங்களில் பச்சைக் குழந்தைகள் கிடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், பல வருஷம் பெரிய மனிதர்களின் வீட்டு வாசற்படி ஏறி இறங்கினார். 1739-ல் ராஜாவின் அனுமதிப் பத்திரம் கிடைத்தது. 1741 மார்ச் மாதம் 25-ந் தேதி, 'பவுண்ட்லிங் ஹாஸ்பிடல்' என்ற அந்த அநாதைக் குழந்தைகள் இல்லம் முதல் குழந்தைகளை ஏற்றுக்கொண்டது.

குழந்தையைக் கொடுக்கும் தாயிடம் பெயர் கேட்கமாட்டார்கள். குழந்தைக்கு ஒரு நம்பர் கொடுத்து, புதுப் பெயரும் வைப்பார்கள். அப்படியானால், நாளைக்குத் தாயின் நிலைமை சீர்பட்டு அவள் திரும்பி வந்தால், எந்தக் குழந்தை அவளுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காக ஓர் அடையாளப் பொருளை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஏழைத் தாய்மார் எதை வைப்பார்கள்? ஓட்டை போட்ட ஒரு காசு, ஒரு பொத்தான், ஒரு ரிப்பன் துண்டு. ஒன்றும் இல்லாதவர்களுக்குத் தங்கள் உடுப்பிலோ குழந்தையின் உடுப்பிலோ கத்தரித்த ஒரு துணித் துண்டு. அதைக் குழந்தையின் பதிவுச் சீட்டோடு குத்தி, மடித்து, முத்திரை வைத்துவிடுவார்கள்.

1767-ல் ஒரு தாய் தன் ஆண் குழந்தையைக் கொடுக்கும்போது ஒட்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த ஒரு பட்டையை இரண்டாக வெட்டினாள். அதில் நூலால் ஓர் இதயம் தைத்திருந்தது. வெட்டு அதன் நடுவே போயிற்று. ஒரு பாதியை இல்லத்தில் கொடுத்து, மறு பாதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். எட்டு வருஷம் கழித்து, 1775-ல், அந்தத் தாய் திரும்பி வந்து மகனை அழைத்துக்கொண்டு போனாள்.

படிக்கும்போதே கண் கலங்குகிறது அல்லவா? ஆனால் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். 1741 முதல் 1760 வரை அங்கே சேர்ந்த குழந்தைகள் 16,282. பெற்றவர்கள் வந்து மீட்டுப் போனவை 152. மற்றத் துணிகளெல்லாம் மடித்த காகிதத்துக்குள்ளேயே இருந்துவிட்டன. அந்தக் குழந்தைகளுக்கு, "உன் அம்மா உனக்காக இதை விட்டுப் போனாள்" என்று காட்டியிருக்கலாமே? காட்டவில்லை. அடையாளம் ஆபீசுக்காக வைத்தது. குழந்தைக்காக அல்ல என்று அந்தக் காலத்தார் நினைத்தார்கள்.

இன்னொரு காரியமும் நடந்தது. 1860-ஐ ஒட்டிய வருஷங்களில், அழகான காசுகளையும் பொத்தான்களையும் வருகிறவர்களுக்குக் காட்சியாக வைக்கலாமே என்று தோன்றி, அவற்றைச் சீட்டுகளிலிருந்து பிரித்து எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கினார்கள். எந்தப் பொருள் எந்தக் குழந்தையினுடையது என்ற தொடர்பு அன்றோடு அறுந்தது. பொருளும் பத்திரமாக இருந்தது. சீட்டும் பத்திரமாக இருந்தது. நடுவிலிருந்த குண்டூசி போயிற்று. அந்தத் தொடர்புகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கண்டுபிடிப்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் நம் காலத்தில் வருஷக்கணக்காகப் பாடுபட்டிருக்கிறார்கள். இப்போது அந்தப் பழைய பதிவேடுகளில் ஏராளமான பக்கங்களைப் படம் பிடித்து, தொண்டர்களைக் கொண்டு எழுத்துப் பெயர்த்து, கம்ப்யூட்டரில் யாரும் படிக்கும்படி செய்திருக்கிறார்கள்.

அந்தக் குண்டூசியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது வேண்டியிருக்கும்.

* * *

"அது இருநூறு வருஷத்துக் கதை; இப்போதுதான் எல்லாவற்றுக்கும் ஃபைல் இருக்கிறதே" என்று சொல்லலாம். ஃபைல் இருக்கிறது. ஃபைல் வேறு, கதை வேறு.

லெம் ஸிஸே என்ற ஆங்கிலக் கவிஞரைப் பற்றிச் சில நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய தாயார் எதியோப்பியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்க வந்தவர். 1967-ல் குழந்தை பிறந்தது. கொஞ்ச காலம் யாராவது பார்த்துக்கொண்டால் போதும் என்பது தாயாரின் விருப்பம். ஆனால் சமூக நல உத்தியோகஸ்தர் குழந்தைக்கு நார்மன் என்று பெயர் வைத்து, இதை உங்கள் குழந்தையாகவே நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வளர்ப்புக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு வயதில் அந்தக் குடும்பம் பையனைத் திருப்பி அனுப்பிவிட்டது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகள் இல்லங்கள்.

பதினேழாம் வயதில் அவர் கையில் இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று பிறப்புச் சான்றிதழ். தம் பெயர் நார்மன் அல்ல, லெம் ஸிஸே என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மற்றொன்று, தம் பிள்ளையைத் திருப்பித் தரும்படி கேட்டு 1968-ல் தாயார் எழுதிய கடிதம். அந்தக் கடிதம் இத்தனை காலமும் ஒரு ஃபைலில் இருந்தது! தம்மை ஒருவரும் வேண்டவில்லை என்று ஒரு பையன் நினைத்துக்கொண்டு வளர்ந்த அத்தனை வருஷமும், வேண்டும் என்று சொன்ன காகிதம் ஓர் அலமாரியில் இருந்தது.

மிச்சம் இருந்த தஸ்தாவேஜுகளைக் கேட்டுப் பல வருஷம் போராடினார். 2015-ல்தான் கிடைத்தன. அவற்றை வைத்துக்கொண்டு 2019-ல் தம் வரலாற்றை எழுதினார். வீகன் நகரசபை அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. எல்லாம் சரிதான், ஆனால் ஏழு வயதில் கேட்க வேண்டிய கதையை நாற்பத்தெட்டு வயதில் ஆபீஸ் பாஷையில் படிப்பதை எந்த மன்னிப்பு ஈடு செய்யும்?

இன்று இங்கிலாந்தில் சர்க்கார் பொறுப்பில் வளர்ந்த குழந்தையின் ஃபைலை, அது பிறந்ததிலிருந்து எழுபத்தைந்து வருஷம் வரை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். தத்துப் பதிவுகளை நூறு வருஷம் வைத்திருக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனாலும் அந்த ஃபைலில் என்ன இருக்கும்? எந்தத் தேதியில் யார் கூட்டம் போட்டார்கள், எந்த உத்தரவில் யார் கையெழுத்திட்டார்கள், செலவு எவ்வளவு என்று இருக்கும். மற்றவர்களைப் பற்றிய வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கும். குழந்தை தூங்கும்போது எந்தப் பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கியது என்று இராது.

ஆகையால்தான் அந்த நாட்டில் ஃபைலைத் தவிர, 'வாழ்க்கைக் கதைப் புத்தகம்' என்று ஒன்றும் தயார் செய்கிறார்கள். தத்துப் போகிற ஒவ்வொரு குழந்தைக்கும் அது உண்டு. தத்து முடிந்து அதற்காக நடக்கும் சிறிய கொண்டாட்டத்திலிருந்து பத்து வேலை நாட்களுக்குள் முழுப் புத்தகமும் குழந்தையின் வீட்டில் இருக்க வேண்டும் என்று சர்க்காரின் வழிகாட்டி சொல்லுகிறது. அதோடு, குழந்தை பெரியவனான பிறகு படிப்பதற்காக, எதனால் இப்படி ஆயிற்று என்று விளக்கி ஒரு கடிதமும் எழுதி வைக்கிறார்கள்.

அந்தப் புத்தகத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது? "நீ பிறந்தாய், உன் அம்மாவால் உன்னை வளர்க்க முடியவில்லை" என்று முதல் பக்கத்திலேயே தொடங்கினால் குழந்தை மறு பக்கம் புரட்டாது. ஜாய் ரீஸ் என்ற ஆங்கில அம்மையார் ஒரு நல்ல யோசனை சொல்லியிருக்கிறார். இன்றிலிருந்து ஆரம்பியுங்கள் என்கிறார். இதுதான் உன் வீடு, இது உன் நாய்க்குட்டி, இது நீ தூங்குகிற கட்டில் என்று தொடங்கி, குழந்தை தைரியமாகக் காலை ஊன்றிக்கொண்ட பிறகு பின்னால் அழைத்துப் போக வேண்டும். அழைத்துப் போனதைத் திரும்பவும் இன்றைக்குக் கொண்டுவந்து விட்டு, நாளைக்கு என்ன என்பதையும் காட்டி முடிக்க வேண்டும். கதை சொல்லத் தெரிந்த எந்தப் பாட்டியும் இதை ஒப்புக்கொள்வாள்.

* * *

நம் நாட்டில் என்ன வழி? ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். நம் தத்து விதிகளிலேயே, இல்லம் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு 'நினைவு ஆல்பம்' தயார் செய்து, தத்து எடுக்கும் குடும்பத்திடம் குழந்தையை ஒப்படைக்கும்போது அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. குழந்தையின் படங்கள், அது வளர்ந்த விவரம், அதற்குப் பிடித்தவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். பெற்றவர்களைப் பற்றிய விவரம் மட்டும் இருக்கக் கூடாது. கேட்டு வாங்குங்கள். ஆல்பம் மெல்லியதாக இருந்தால், குழந்தையை எடுத்து வளர்த்த ஆயாவிடம் அன்றைக்கே உட்கார்ந்து நாலு கேள்வி கேளுங்கள். எந்தப் பாட்டுக்குத் தூங்கும்? எதைக் கண்டால் பயப்படும்? இந்தப் பெயரை வைத்தது யார்? கொண்டுவந்த அன்று என்ன உடுத்தியிருந்தது?

உடுப்பு என்றதும் நம் தமிழ்நாட்டையே நினைக்க வேண்டியிருக்கிறது. பெண் சிசுக்களைக் காப்பாற்றுவதற்காக 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்தார்கள். பிறகு மற்ற ஜில்லாக்களுக்கும் பரவிற்று. பெயர் சொல்லாமல் தொட்டிலில் விட்டுப் போகலாம். அந்தத் தொட்டிலில் முதல் முதல் படுத்த பெண்கள் இன்று முப்பது வயது தாண்டியவர்கள். அப்படி வந்த ஒரு குழந்தைக்குத் தாய் தகப்பன் பெயர் எழுத வழியில்லை. ஆனால் எழுதுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. எந்த நாள், எந்த நேரம், எந்த ஊர், எந்தப் புடைவைத் துண்டில் சுற்றியிருந்தது, நெற்றியில் மை இருந்ததா, முதலில் தூக்கியது யார்? மையிட்டுத் துணி சுற்றிக் கொண்டுவந்தவள் வேண்டாம் என்று எறிந்தவள் அல்ல. அந்த ஒரு வரி போதும், ஒரு பெண் தலை நிமிர்ந்து நடக்க. எழுதி வைத்தால்தான் அந்த வரி இருக்கும்.

இனிமேல் விஷயம் தொழில் நுட்பம். பயப்பட வேண்டாம், கையில் ஸெல்போன் இருந்தால் போதும்.

ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும், இல்லத்தில் கொடுத்த காகிதங்களையும் ஸ்கான் செய்யுங்கள். வளையல், தொப்பி, துணி போன்றவற்றைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். படம் எடுத்துவிட்டோமே என்று மூலத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். துணியைத் தொட்டுப் பார்க்கலாம். படத்தைத் தொட்டால் கண்ணாடிதான் தட்டுப்படும். வளர்த்த அம்மாளையும் ஆயாவையும் பேசச் சொல்லிக் குரலைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் பாடிய தாலாட்டு நாற்பது வருஷம் கழித்து எந்த நகைக்கும் மேலான சீதனமாக இருக்கும்.

இப்போது அந்தக் குண்டூசி வருகிறது. போனில் ஆயிரம் படங்கள் இருக்கும். ஆனால் இது யார், எந்த இடம், எப்போது என்று ஒன்றிலும் இராது. அப்படிப்பட்ட படம் கண்ணாடிப் பெட்டியில் வைத்த பொத்தான்தான். ஆகையால் ஒவ்வொரு படத்துக்கும் பெயர் கொடுங்கள். வருஷம், மாதம், தேதி, இடம், யார் என்ற வரிசையில் கொடுத்தால் கம்ப்யூட்டர் தானே காலப்படி அடுக்கிக்கொள்ளும். அதோடு ஒரு தனிப் பக்கத்தில் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரி விவரம் எழுதி, படங்கள் இருக்கிற இடத்திலேயே வையுங்கள். இன்னொன்று: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும், எடுத்த தேதி முதலிய உள் விவரங்களும் உதிர்ந்துவிடும். அனுப்பித்தான் தீர வேண்டும் என்றால் 'டாக்குமெண்ட்' என்ற வழியில் மூலத்தையே அனுப்புங்கள்.

பிறகு பிரதிகள். இந்தக் கலை அறிந்தவர்கள் 'மூன்று, இரண்டு, ஒன்று' என்று ஒரு சூத்திரம் சொல்லுகிறார்கள். மூன்று பிரதி இருக்க வேண்டும். அவை இரண்டு விதமான சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். உதாரணமாக, கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, இணையப் பெட்டகத்திலோ நம்பிக்கையான பந்துவிடமோ ஒன்று. பென் டிரைவை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அது சட்டைப் பையோடு துவைக்கப் போய்விடுகிற சாமான். இணையப் பெட்டகமும் சிரஞ்சீவி அல்ல. இரண்டு வருஷம் உபயோகிக்காமல் கிடக்கும் கணக்கை எடுத்துவிடலாம் என்று கூகிள் கம்பெனி 2023-ல் விதி செய்திருக்கிறது. ஆகவே வருஷத்துக்கு ஒரு நாள், குழந்தையின் பிறந்த நாளையே வைத்துக்கொள்ளுங்களேன், எல்லாப் பிரதியையும் திறந்து பாருங்கள். அந்த வருஷத்துப் படங்களைச் சேருங்கள். ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை புதிய சாதனத்துக்கு மாற்றுங்கள். படத்துக்கு ஜேபெக், காகிதத்துக்குப் பிடிஎஃப் என்று எல்லாரிடமும் வழங்குகிற வகைகளிலேயே வைத்தால், நாளைக்குத் திறக்க முடியாமல் தவிக்க வேண்டியிராது. கடவுச் சொல்லை ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். உங்களுக்குப் பிறகு குழந்தைக்கு அது வேண்டும்.

* * *

"இவ்வளவும் சரி, ஊருக்கெல்லாம் தெரிந்துவிடாதா?" என்று கவலைப்படுகிற சகோதரிகள் இருப்பார்கள். அந்தக் கவலை நியாயமானது. பாதுகாப்பது வேறு, பறைசாற்றுவது வேறு. இது குழந்தையின் சொத்து, நாம் காவல்காரர்கள். காவல்காரன் பெட்டியைத் திறந்து தெருவில் காட்டுவானா? முகநூலில் போடுவதற்கும், "தத்து எடுத்த நன்னாள்" என்று முழு விவரத்தோடு ஊருக்கு அனுப்புவதற்கும் குழந்தையின் சம்மதம் நம்மிடம் இல்லை. சர்க்கார் பாதுகாப்பிலும் வளர்ப்புக் குடும்பத்திலும் இருக்கும் குழந்தைகளின் பெயரையும் படத்தையும் பிரசுரிப்பதை 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் குற்றமாகவே சொல்லுகிறது. ஆறு மாதம் வரை சிறையும் இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

பெற்றவளுடைய ரகசியமும் நம் காவலில்தான் இருக்கிறது. குழந்தை பெரியவனாகித் தன் வேரைத் தேட விரும்பினால் நம் விதிகளில் அதற்கு இடம் உண்டு. பதினெட்டு வயது நிரம்பியவர் தாமே விண்ணப்பம் செய்யலாம். அதற்குக் கீழானவர் தத்துப் பெற்றோரோடு சேர்ந்து செய்யலாம். மூன்றாம் மனிதர் தேட அனுமதி கிடையாது. தம் பெயர் வெளிவர வேண்டாம் என்று பெற்றவர் ஒப்படைத்தபோதே கேட்டிருந்தால், அவர் சம்மதம் பெற்றாக வேண்டும். அந்தக் கதவு திறக்கலாம்; திறக்காமலும் போகலாம். அது நம் கையில் இல்லை. முதல் பல்லும் முதல் சொல்லும் பயந்த இரவும் பாடிய பாட்டும் நம் கையில் இருக்கின்றன. அவற்றைக் கொடுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

வேறொரு பயமும் சில தாய்மார் மனசில் உண்டு, வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "பழைய கதையெல்லாம் தெரிந்தால் குழந்தை என்னை விட்டுப் போய்விடுமோ?" அம்மணி, யோசித்துப் பாருங்கள். உண்மையை முதலில் சொன்னவர் வாயிலிருந்து கேட்ட குழந்தை, அடுத்த கேள்வியையும் அவரிடமே கேட்கும். கல்யாணத்தில் யாரோ ஒரு தூரத்து உறவினர் வாயிலிருந்து கேட்ட குழந்தைதான் யாரிடமும் கேட்காது. மூன்று வயதில் மடியில் உட்காரவைத்துச் சொன்ன கதை, முப்பது வயதில் இடியாக விழாது.

இல்லங்களில் வேலை பார்க்கும் ஆயாமாருக்கும், கொஞ்ச மாதங்களுக்கென்று குழந்தையை வாங்கி வளர்த்து, பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒப்படைக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தை போகும்போது பையில் துணியும் மருந்துச் சீட்டும் வைக்கிறீர்கள். ஒரு கடிதமும் வையுங்கள். இலக்கணப் பிழை இருந்தால் இருக்கட்டும். "நீ எங்களோடு ஏழு மாதம் இருந்தாய். இட்லி என்றால் உனக்கு உயிர். இடி இடித்தால் என் புடைவைக்குள் ஒளிந்துகொள்வாய். நீ போன அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை." தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷ வேலைதான். இன்று இரவே செய்யலாம்.